ஜன்னல் இல்லாத ரூம் வேண்டாம்

ஜனவரி 5, திங்கள்

என் பெயர் தெய்வசிகாமணி. இதை எழுதியது நான்தான்.

ஜனவரி 6, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது. இன்று கை கொஞ்சம் பழகியிருக்கிறது.

வயது எழுபத்திரண்டு. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவில் வீடு, வீட்டில் நானும் என் மனைவி பாவாத்தாளும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நான் மட்டும் கைநாட்டு. போன ஆடியில் நூலகத்து மாடியில் நடக்கிற முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது எதையும் விடுவதில்லை. பிஸ்கட் பாக்கெட், கல்யாணப் போஸ்டர், பஸ் போர்டு எல்லாம் படிக்கிறேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருந்ததை நேற்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். அங்கே நின்றிருந்த ஒருவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்.

இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆசை என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று சொட்டுமருந்துப் புட்டி இருக்கிறது. மூன்றுக்கும் வெள்ளை மூடி. மருந்துக்கடைப் பெண் ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, காலை, இரவு, இரண்டு வேளை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதை யாராவது படிக்க வேண்டும் அல்லவா? இத்தனை காலம் எனக்குப் பஸ் போர்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை படித்துச் சொன்னது பாவாத்தாள்தான். அவள் ஐந்தாவது வரை படித்தவள்.

ஜனவரி 7, புதன்

பாவாத்தாள் இன்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மகன் லோகநாதன் கோயமுத்தூரிலிருந்து வந்தான். பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு வழவழப்பான தாளை என் கையில் கொடுத்தான்.

"ஏனுங்கப்பா, மாசி வந்தா உங்க கல்யாணத்துக்கு ஐம்பது வருஷம். மண்டபம் புடிச்சு ஊரைக் கூட்டிச் சோறு போடறதுக்குப் பதிலா, நாம ஏழு பேரும் கப்பல்ல போயிட்டு வரலாமுங்க. சென்னையில ஏறுனா ரெண்டு ராத்திரி கடலுக்குள்ள. திரும்பச் சென்னைக்கே கொண்டாந்து எறக்கி உட்ருவாங்க."

ஏழு பேர் என்றால் நாங்கள் இருவர், லோகு, மருமகள் சுபாஷிணி, பேத்தி யாழினி, பேரன் ஆதவன், ஈரோட்டிலிருக்கும் என் மகள் வாசுகி. வாசுகியின் வீட்டுக்காரர் தறியை விட்டு வரமாட்டார். அவர் தன் கல்யாணத்துக்கே தறியை நிறுத்திவிட்டு அரைநாள்தான் வந்தார்.

பாவாத்தாள் அடுப்படியிலிருந்து, "கடலா?" என்றாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. ராமேஸ்வரம் போக இரண்டு முறை துணிமணி எடுத்து வைத்தோம். ஒரு முறை மழை, ஒரு முறை வாசுகி பிறந்துவிட்டாள்.

தாளில் இருந்த கப்பல் படத்தை அவள் வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம், தள்ளிப் பிடித்துக் கொஞ்சம் என்று பார்த்தாள்.

"கண்ணாடி மாத்தோணுமாட்ட இருக்குதுங்கம்மா" என்றான் லோகு.

"தொடைக்காம போட்டுட்டேன்டா" என்றாள்.

அவன் போன பிறகு அந்தத் தாளை நான் படித்தேன். தமிழில்தான் அச்சிட்டிருந்தார்கள். சாதாரண ரூமுக்கு நேராக "உள்ளறை, ஜன்னல் இல்லை" என்று போட்டிருந்தது. லோகு மூன்று உள்ளறை எடுப்பதாக இருக்கிறான். தாளின் கடைசியில் "குடும்ப சூட்" என்று ஒன்று. ஒரே கதவுக்குள் படுக்கையறைகள், ஒரு ஹால், கடலைப் பார்த்த பெரிய பால்கனி. கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஜன்னல் இல்லை என்பதை மறுபடியும் படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

உள்ளூர் டாக்டர் ஆடியில் கொடுத்த சொட்டுமருந்து போதவில்லை என்று, மார்கழி பிறந்ததும் ஒரு நாள் நாங்கள் இருவரும் கோயமுத்தூர் போனோம். மருதமலைக்கு என்று பிள்ளைகளிடம் சொன்னோம். மருதமலைக்குப் போகவில்லை. அங்கே டாக்டரம்மா சொன்னதை இதில் எழுதமாட்டேன். யாழினி வந்தால் முதலில் இந்த நோட்டைத்தான் எடுப்பாள், அவளுடைய அப்பாரு, தாத்தா நான், எங்கெல்லாம் தப்பு விட்டிருக்கிறேன் என்று பார்க்க.

பாவாத்தாளும் சொல்லிவிட்டாள். "இப்பத் தெரிஞ்சா லோகு என்னைக் கூட்டீட்டுப் போயி அவன் ஊட்ல ஒரு சேர்ல உக்கார வெச்சுருவான். அப்பறம் கப்பலுங் கெடயாது, ஒண்ணுங் கெடயாது. போயிட்டு வந்து நானே சொல்லிக்கறேனுங்க. நீங்க வாயத் தெறக்காதீங்க."

இவ்வளவு மட்டும் எழுதலாம். வெளிச்சம் நன்றாக விழுந்தால், நேர் எதிரே இருப்பது அவளுக்குத் தெரிகிறது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறதாம். வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் நான் கூப்பிட்டால், குரல் வந்த பக்கம் திரும்புகிறாள். மருந்து விடுவது இருப்பதைக் காப்பாற்றத்தான். கடலைக் காட்ட அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம் என்று எனக்குப் படுகிறது.

பகலிலும் பல்பு எரிகிற ரூமில் அவளை வைத்துக் கடலுக்குள் கூட்டிப் போவதா? ஜன்னல் இல்லாத ரூம் வேண்டாம். பால்கனி வேண்டும். காரணம் சொல்லாமல் வாங்க வேண்டும். வாங்குவேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எல்லோரும் வந்திருந்தார்கள். இலையில் வடை விழுந்ததும் பேச்சை எடுத்தேன்.

"லோகு, அந்தப் பெரிய ரூமையே எடுத்துரலாம்."

சுபாஷிணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் மில்லில் கணக்கு எழுதுகிறவள். நல்ல பெண். தக்காளி வாங்கினாலும் நான்கு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவாள்.

"ஏனுங்க மாமா, ரூமுக்குள்ள தூங்கத்தானே போறோம்? பகல் பூரா மேல்தட்டுலதான் இருப்போம். அங்க கடல் சும்மாவே தெரியும். சாப்பாடு ரெண்டு ரூமுக்கும் ஒண்ணுதான். ஒரு பால்கனிக்காக அத்தனை பணமா? மிச்சத்துல யாழினிக்கு ஒரு வருஷ பீஸே கட்டிரலாமுங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் சங்கடம். யாழினி போனில் மேல்தட்டைக் காட்டினாள். பாட்டு, கூட்டம், படிக்கட்டு, ஓடுகிற பிள்ளைகள். அந்தக் கூட்டத்துக்குள் பாவாத்தாள் ஒரு படியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை என்னால் சொல்ல முடியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு அடைச்ச ரூம்ல மூச்சு முட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். "நீங்களா? மஞ்சக் குடோன்ல மூட்டைக்கு நடுவால படுத்துத் தூங்குன ஆளுங்க நீங்க!" என்றான் லோகு.

"அப்ப வயசு இருந்துச்சு. இப்ப நெஞ்ச அடைக்குது."

சிரிப்பு நின்றுவிட்டது. வாசுகி வடையைக் கீழே வைத்துவிட்டாள். "எத்தனை நாளாங்கப்பா?" என்றாள். லோகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

பாவாத்தாள் என்னை முறைத்தாள். சரியாகச் சொன்னால் எனக்குப் பக்கத்திலிருந்த தூணை முறைத்தாள். ஆனாலும் எனக்கு உறைத்தது.

ஜனவரி 20, செவ்வாய்

கோயமுத்தூரில் நெஞ்சு டாக்டர். சட்டையைக் கழற்றச் சொல்லி மேலெல்லாம் வயர் ஒட்டினார்கள். மெஷினில் ஓடவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். சுவரில் "அமைதி காக்கவும்" என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். நர்ஸ் அமைதியாக இருக்கச் சொன்னாள்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க நெஞ்சு இருக்கற இருப்புக்கு இன்னும் ரெண்டு மூட்டை தூக்கலாம்" என்றார்.

லோகுவுக்குச் சந்தோஷம். சுபாஷிணிக்கும் சந்தோஷம். "அப்ப உள்ளறையே போதுங்களா மாமா?" என்றாள்.

"மெஷினுக்கு என்ன தெரியும் கண்ணு? அது அடைச்ச ரூம்லயா இருக்குது? கதவத் தொறந்து வெச்சிருக்காங்க."

சுபாஷிணி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். காரில் திரும்பும்போது கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 21, புதன்

இரவு பாவாத்தாளுக்கு மருந்து விட்டேன். புட்டியை எடுத்து "இரவு" என்று வாசித்துக் காட்டிவிட்டுத்தான் விடுவது. அது அவளுக்கும் பிடிக்கிறது.

"எனக்குக் கண்ணுன்னா உங்களுக்கு நெஞ்சா? ஏனுங்க, இப்படியா புளுகறது?" என்றாள்.

"வேற என்ன சொல்றது? நீ வாயக் கட்டிப்போட்டுட்ட."

"எனக்கு எதுக்குங்க பால்கனி? பாதிதான் தெரியும். பாதிக் கண்ணுக்கு முழுக் காசு குடுப்பாங்களா?"

"முழுசாத் தெரியறவன் மூலையில படுத்துக்கிட்டும். பாதி தெரியறவதான் முன்னாடி உக்காரோணும்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து ஓரமாக வழிந்தது. துடைத்துவிட்டேன். மருந்துதான்.

ஜனவரி 24, சனி

டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம், நான், லோகு, சுபாஷிணி. பெரிய ரூமை வாங்கவைக்க அங்கிருந்த தம்பி பாடாய்ப் பட்டார். வரவேற்புக்குப் பழக்கூடை வருமாம். வரிசையில் நிற்காமல் முதலில் ஏறலாமாம். தலையணையில் எத்தனையோ வகை உண்டாம், வேண்டியதைக் கேட்டு வாங்கலாமாம்.

"தலைகாணி நாங்க ஊட்லிருந்தே கொண்டாறோம். வெலையில என்ன கொறைப்பீங்க?" என்றாள் சுபாஷிணி.

"மேடம், அது கம்பெனி ரேட்டுங்க."

"சாப்பாடு ஒண்ணு, கப்பல் ஒண்ணு, கடல் ஒண்ணு. பால்கனிக்குக் கம்பிதான போட்டிருக்குது? தங்கமா?"

அந்தத் தம்பி தண்ணீர் குடித்தார். எனக்கே பாவமாகிவிட்டது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, அந்தப் பால்கனிக்கு வெயில் காலையில வருமா, சாயங்காலமா?"

"இதுவரைக்கும் யாருமே இதைக் கேட்டதில்லீங்க ஐயா. கப்பல் திரும்பிட்டே இருக்கும். எந்த நேரம்னு சொல்ல முடியாது. ஆனா பகல்ல எப்படியும் வெளிச்சத்துக்குக் கொறை இருக்காது."

"நேரா மூஞ்சில விழற வெளிச்சமா?"

"விழுமுங்க."

"அப்பச் செரி. போடுங்க" என்றேன்.

சுபாஷிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு முட்டுகிறவன் காற்றைத்தானே கேட்பான்? வெளிச்சத்தை எதற்குக் கேட்டேன்? கேட்ட பிறகுதான் எனக்கே தோன்றியது.

கூடுதல் பணத்தை நான்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். தோப்புக் குத்தகைப் பணம் தைக்குள் வரும். மோட்டார் ரூமுக்குக் கூரை மாற்ற வைத்திருந்தது. மோட்டார் இன்னும் ஒரு வருஷம் நனையட்டும், அது ஒன்றும் சொல்லாது.

லோகு, "அப்பா ஒண்ணப் புடிச்சா உடமாட்டாருங்க, எழுதிருங்க" என்றான். தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மைப்பெட்டியைத் தேடினார் அந்தத் தம்பி. பேனா கேட்டேன். தெய்வசிகாமணி என்று முழுதாக எழுதினேன். கோட்டைத் தாண்டி மேசைமேல் போய் முடிந்தது. பரவாயில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

குத்தகைப் பணம் வந்தது. போய்விட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூட்டை கட்டுகிறோம். முறுக்கு, பருப்புப் பொடி, இரண்டு தலையணை, மூன்று புட்டி. சேலை நடுவில் பாவாத்தாள் கல்லுப்பும் வரமிளகாயும் கட்டி வைக்கிறாள். கூடவே கற்பூரம், தீப்பெட்டி.

"கடலுக்கு உப்புக் கொண்டுட்டுப் போறவ நீ ஒருத்திதான்" என்றேன்.

"அத்தனை சனம் நம்ம புள்ளைகளப் பாக்கும். கண்ணு படும். சுத்திப் போட வேண்டாமா?"

பக்கத்துத் தோட்டத்து ருக்மணி வந்து, "கப்பல்ல போறீங்களாமா, குடுத்து வெச்சவங்க. எங்களுக்குக் கடல் எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லோணும்" என்றாள். பாவாத்தாள் சொல்கிறேன் என்றாள்.

சில நாளாக அவள் விளக்கு வைத்தால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறாள். காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மீதி நாளை எண்ணிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கப்பலில் இருந்து எழுதுகிறேன். மேசை மெதுவாக ஆடுகிறது. என் எழுத்து எப்போதும் ஆடுவதால் வித்தியாசம் தெரியவில்லை.

துறைமுகத்தில் பைகளை மெஷினுக்குள் விட்டார்கள். கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். காவலுக்கிருந்த பெண் மிளகாயை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, "இது எதுக்கும்மா?" என்றாள்.

"உனக்கும் ஒண்ணு சுத்தி உடட்டுமா சாமி? லட்சணமா இருக்கற" என்றாள் பாவாத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்க்கவில்லை, தோள்பட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள். உப்பும் மிளகாயும் தப்பின.

உள்ளே நீளமான நடை. ஜன்னல் கிடையாது, மங்கல் விளக்கு. பாவாத்தாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். புதுமணத் தம்பதி என்று வாசுகி கேலி செய்தாள். ஒரு சில போர்டு தமிழிலும் இருந்தது. "படி. கவனம்" என்று ஒன்று. அதைப் படித்தேன். அவள் காலைத் தூக்கி வைத்தாள். ஐம்பது வருஷம் அவள் படித்தாள், நான் நடந்தேன். இன்று நான் படித்தேன்.

பழக்கூடை வந்தது. ஆதவன் அதிலிருந்த ஆப்பிள் எல்லாவற்றையும் ஒவ்வொரு கடி கடித்து வைத்துவிட்டான். போட்ட காசுக்கு ஒன்றையும் விடக்கூடாதாம்.

இருட்டிய பிறகுதான் பால்கனிக்குப் போனோம். இரவில் கடல் கறுப்பு. எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். "நெம்பப் பெருசாட்ட இருக்குது" என்றாள்.

நாளை வெளிச்சம் வர வேண்டும்.

பிப்ரவரி 21, சனி

விடிந்தது. மேகம். கடலும் வானமும் சாம்பலாகக் கிடந்தன. நாற்காலியில் உட்கார்ந்த பாவாத்தாள், "இன்னும் விடியலீங்களா?" என்று என் காதில் கேட்டாள். இல்லை என்றேன்.

"பால்கனி நல்லாத்தான் இருக்குது. வெயிலுக்குத் தனியாக் காசு கட்டோணுமாட்ட" என்றாள் சுபாஷிணி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிபனுக்குக் கூப்பிட்டார்கள். நகரமாட்டேன் என்றேன். யாழினி இட்லியை இங்கேயே கொண்டு வந்தாள்.

ஒன்பது மணிவாக்கில் மேகம் விலகியது. முதலில் தூரத்தில் ஒரு கோடு மின்னியது, பிறகு தண்ணீர் முழுக்கப் பளீரென்று ஆகிவிட்டது. பால்கனி நிறைய வெயில். நேராக அவள் முகத்தில் விழுந்தது.

"புள்ள, பாரு" என்றேன்.

பார்த்தாள். முகத்தை இடது பக்கமிருந்து வலது பக்கத்துக்கு மெதுவாகத் திருப்பினாள். திரும்பவும் வலமிருந்து இடம் வந்தாள். எனக்கு நெஞ்சு நிஜமாகவே அடைத்தது.

"பாத்தாச்சுங்க" என்றாள்.

"அதுக்குள்ளயா? நல்லாப் பாரு."

"எந்தப் பக்கம் பாத்தாலும் தண்ணிதானுங்க. நல்லா இருக்குது. சேரத் திருப்புங்க."

"எந்தப் பக்கம்?"

"ஊட்டுப் பக்கம். முதுகு கடலுக்கு இருக்கோணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயர் ஒட்டிக்கொண்டது, ரத்தம் கொடுத்தது, மோட்டார் ரூம் கூரை எல்லாம் ஞாபகம் வந்தது. "இதுக்கா அத்தனை கட்டுனேன்?" என்றேன். அவள் எழுந்து நின்றுகொண்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இப்போது கடல் அவளுக்குப் பின்னால் இருந்தது. வெயில் அவள் தோளுக்கு மேலாக உள்ளே விழுந்தது.

"உப்பு மொளகா எடுத்துட்டு வாங்க. புள்ளைகளக் கூப்புடுங்க. ஒவ்வொருத்தரா வந்து என்ற முன்னால உக்காருங்க. சுத்திப் போடோணும்."

ஆதவன் முதலில் வந்தான். முக்காலியில் உட்கார்ந்தான். முகத்தில் முழு வெயில். உப்பும் மிளகாயும் வைத்து மூடிய கையை அவள் சுற்றவே இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பத்தா, கண்ணு கூசுது" என்றான். "செத்த பொறு சாமி, நெறையப் பட்டிருக்குது" என்றாள். பல் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். பிறகுதான் சுற்றினாள்.

யாழினி வந்தாள். அவளுக்கு இன்னும் நேரமாயிற்று. முடியை ஒதுக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், சிரிக்காமல் இருக்கச் சொன்னாள். "இதெல்லாம் எந்த ஊர் திருஷ்டி அப்பத்தா?" என்று யாழினி கேட்டாள். "கப்பல் திருஷ்டி" என்றாள்.

லோகு வந்து உட்கார்ந்தான். "நரைச்சுப் போச்சேடா" என்றாள். வாசுகி வந்தாள். தாயும் மகளும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது அதைப் பார்க்க வேண்டும் அல்லவா?

கடைசியில் சுபாஷிணி. முக்காலி கொஞ்சம் ஓரமாக நகர்ந்து கிடந்தது, அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவாத்தாள் பார்த்தாள், சுபாஷிணி இருந்த இடத்தை அல்ல, அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம். வெறும் காற்றைப் பார்த்து, "சுபா, வந்துட்டயா?" என்றாள்.

சுபாஷிணி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"அத்தை, நான் செத்த நகந்துக்கட்டுங்களா?"

"நகரு கண்ணு."

முக்காலியைத் தூக்கிச் சரியாக அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் முழுவதும் விழுகிற மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"கண்ணு கூசுதா?" என்றாள் பாவாத்தாள்.

"இல்லீங்க அத்தை. நீங்க பொறுமையாப் பாருங்க."

எல்லாம் முடிந்து அவர்கள் உள்ளே போனதும் பாவாத்தாள் என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு எதுக்கு? இந்த மூஞ்சிக்கு யாரு கண்ணு படப் போகுது?"

"என்ற கண்ணுதான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். கடலுக்கு எதிரே, அவளுக்கு எதிரே. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மீசையைச் சரியாக வெட்டவில்லை என்று குறை சொன்னாள்.

நெருப்பில் போட வழியில்லை. கடலில் எறியக்கூடாது என்று போர்டு இருக்கிறது, படித்துச் சொன்னேன். உப்பைக் குளியலறைத் தொட்டியில் கரைத்துவிட்டு, மிளகாயைப் பத்திரமாகத் தாளில் மடித்தாள். ஊருக்குப் போய் அடுப்பில் போடலாமாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சென்னை தெரிவதற்கு முன்னால், அதே பால்கனியில், பாவாத்தாள் லோகுவிடமும் வாசுகியிடமும் தானே சொல்லிவிட்டாள்.

லோகு என் மேல்தான் பாய்ந்தான். "மருதமலைக்குப் போனோம்னீங்களே! பிரசாதம்னு திருநீறெல்லாம் குடுத்தீங்களே!" பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கினேன் என்றேன். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அத்தனை பெரிய ஆள், கால் இரண்டும் கதவைத் தாண்டி ரூமுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எங்க ஊட்டுக்கு வந்துருங்கம்மா" என்றான்.

"தோப்புல எனக்கு வழி தெரியும். உன்ற ஊட்ல சோபாவுல மோதிக்குவேன். மாசம் ஒருக்கா நீங்க வாங்க, வந்து வெயில்ல உக்காருங்க" என்றாள். அவளும் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

இறங்கும்போது அந்த நடையில் பாவாத்தாளின் இன்னொரு கையைச் சுபாஷிணி பிடித்துக்கொண்டாள். என்னிடம் மெதுவாக, "மாமா, கூடக் கட்டுன காசுல பாதி நான் தர்றேனுங்க" என்றாள். பழக்கூடையைச் சாப்பிடாமல் வந்துவிட்டோமே, அதைக் கேட்டு வாங்கி வா, போதும் என்றேன். நிஜமாகவே போய்க் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். ஆதவன் கடித்ததோடு சேர்த்து.

பிப்ரவரி 25, புதன்

காலையில் ருக்மணி வந்தாள். வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, சொல்றேன்னீங்களே, கடல் எப்படி இருந்துச்சுங்க?"

பாவாத்தாள் முறத்தில் பருப்பை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாழினிக்கு இடது புருவத்துக்குள்ள பொட்டாட்ட ஒரு மச்சம் இருக்குது ருக்மணி. சிரிச்சா மேல ஏறுது. இத்தன நாளா எனக்கு அது தெரியவே தெரியாது."

ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் பேனா எடுக்க உள்ளே போனேன். மறப்பதற்குள் எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டேன். இடது புருவம், சிரித்தால் மேலே ஏறும்.